கொப்புளிச்சுத் துப்பு

அந்தப் பை காலை இடிக்குதாக்கா? செத்த இருங்க, இந்தப் பக்கம் இழுத்துக்கிடுதேன். கனமெல்லாம் ஒண்ணும் கிடையாது, எடத்தத்தான் அடைக்கும். கண்டக்டரு ஏறும்போதே மூஞ்சியச் சுளிச்சாரு. மெத்தையா, பஞ்சு மூட்டையான்னு கேட்டாரு. லக்கேஜ் டிக்கெட் போடணும்னா போடுங்கண்ணே, நக்கல் பண்ணாதீகன்னு சொல்லிட்டேன். என் வாய் அப்படி. மனசுல பட்டத படக்குன்னு சொல்லிருவேன், உள்ள ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது.

என்ன சாமான்னுதான பாக்கீக. ஹாக்கி சாமான்க்கா. கோல் கம்பத்துல காவல் நிக்கிறவ மாட்டுறது. நாங்க கோலின்னு சொல்லுவோம். தொடை வரைக்கும் கட்டுற பேடு, நெஞ்சுக்குக் கவசம், கைக்குத் தடியா உறை, தலைக்கு ஹெல்மெட்டு. எல்லாம் ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக்குமா இருக்கும். இத ஒருத்தி மாட்டி முடிக்க ரெண்டு பேரு கூட நின்னு வாரு இழுக்கணும். கழத்தவும் அப்படித்தான்.

நான் கோவில்பட்டி. பேரு ஜெயக்கொடி. கடலைமிட்டாய் கம்பெனியில பாக்கெட் போடுதேன். எங்க ஊர்ல ஹாக்கின்னா கிறுக்குப் புடிச்சு அலைவாக, தெரியுமில்லா? நானும் அதுல ஒருத்தி. எங்க பொம்பளைப் பிள்ளைக கிளப்புக்கு நான்தான் கேப்டன். கல்யாணம் ஆனவ, ஆகாதவ, பிள்ளை பெத்தவ எல்லாரும் இருக்கோம். யாரு வீட்டுலயும் லேசுல விட மாட்டாக. ஒவ்வொருத்தி வீட்டுக்கும் நான் போயி, உக்காந்து, நான் பாத்துக்கிடுதேன், என் பொறுப்புன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வருவேன்.

முப்பிடாதி வீட்டுலயும் அப்படித்தான் சொன்னேன். இந்த பேடு அவளோடதுக்கா. அவதான் எங்க கோலி. நாங்க ஆறாம் கிளாஸ்லருந்து ஒண்ணா விளையாடுறோம். கல்யாணம் பண்ணி விளாத்திகுளம் தாண்டி ஒரு கிராமத்துக்கு வந்துட்டா, ஒரு மகளும் பெத்துட்டா. ஆனா சித்திரை வைகாசி வந்து டோர்னமெண்டு ஆரம்பிச்சா கோலியா அவதான் நிக்கணும். அவ புருஷன் கருத்தப்பாண்டி அண்ணன் நல்ல மனுஷன். மாமியாதான் மொணங்குவாக. இந்த வருஷமும் நான்தான் போயி, அத்தை, என்னைய நம்பி அனுப்புங்கன்னு கேட்டேன்.

அங்கருந்துதான் இப்ப வாரேன். அண்ணன் போன் போட்டு, தங்கச்சி, இந்தச் சாமான் வீட்டுல சும்மா கெடக்கு, பாக்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு கெடுது, எடுத்துட்டுப் போயிருன்னு சொன்னாரு. சரி, இந்தச் சாக்குலயாவது போவோம்னு கெளம்புனேன். அவ ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்தப்புறம் நான் போகவே இல்லக்கா. கம்பெனியில வேலை அப்படி. லீவு கேட்டா மொறைக்காக. வேலைதான் காரணம், வேற என்ன.

என்ன ஆச்சா? வெயிலுக்கா. விளையாடும்போது வெயில் அடிச்சுப் போட்டுருச்சு. சூடு தலைக்கு ஏறி மூளையத் தொட்டுருச்சுன்னு டாக்டர் சொன்னாக. உசுரு தப்புனதே பெரிசு. ஆனா இப்ப பேச்சு கொழறுது. நடந்தா தள்ளாடுதா, செவுத்தப் புடிச்சுத்தான் வாரா. கை நடுங்குது. மகளுக்குச் சடை பின்ன முடியல, ஊக்கு மாட்ட முடியல. பந்து எந்தப் பக்கம் வந்தாலும் தடுக்குற கைக்கா அது. சரியாயிரும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆகும், முழுசா ஆகுமான்னு சொல்ல முடியாதுங்காக.

நான் சொல்லுதேன், இதுக்கு முழுக் காரணம் அந்தச் சிறப்பு விருந்தினருதான். காலையில வெயிலுக்கு முன்னாடி மேட்சுன்னு சொல்லித்தான் கூப்பிட்டாக. அவரு வந்து கை குடுத்துப் போட்டோ எடுத்தாத்தான் ஆரம்பிப்போம்னு உக்காத்தி வச்சுட்டாக. அவரு இந்தா வாராரு, அந்தா வாராருன்னு உச்சிப்பொழுது ஆகிப்போச்சு. கத்திரி வெயிலு. பந்தல் எல்லாம் மேடைக்குத்தான். எங்களுக்கு ஒரு வேப்பமரம், அதுலயும் பாதி நெழலுக்கு பைக்க நிப்பாட்டி வச்சிருந்தாக.

அந்தக் கமிட்டிக்காரங்கள நான் சும்மா விடலக்கா. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். கக்கூஸ் கட்டி வச்சிருக்காக, புதுசு, டைல்ஸ் ஒட்டி. பூட்டுப் போட்டு சாவிய எவனோ மடியில வச்சிருக்கான். யாருக்குன்னா, அந்த விருந்தினரு வந்தா வேணுமாம். இத்தன பொம்பளைப் பிள்ளைக வந்திருக்கோமே, நாங்க எங்க போவோம்னு கேட்டேன்.  அது எல்லாம் முடிஞ்சப்புறம்.

முன்னாடியே கேட்டிருக்கலாமேங்கீகளா? முன்னாடி யாருக்கா கேப்பா. எங்க போனாலும் இதே கததான. நாங்கதான் ஒரு வழி பண்ணி வச்சிருந்தோமே.

அது ஒண்ணுமில்ல. மேட்ச் அன்னைக்கு தண்ணி குடிக்கக் கூடாது. காலையில எந்திரிச்சு அர டம்ளர் டீ, அம்புட்டுதான். அதுக்கப்புறம் மேட்ச் முடியிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது. படலாம், தொண்டையில எறங்கக் கூடாது. தாகமா இருந்தா கொப்புளிச்சுத் துப்பிரணும். குடிச்சவள உக்கார வச்சிருவேன், விளையாட விட மாட்டேன். அது நான் போட்ட சட்டம். ஏன்னு கேட்டா, நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு ஊருக்கு விளையாடப் போனோம். ஒரு பிள்ளை அடக்க மாட்டாம கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்குனா. ரெண்டு பயலுக படம் புடிக்கப் போனத் தூக்கிட்டுப் பின்னாடியே போயிட்டானுவ. அந்தப் பிள்ளை அதோட ஸ்டிக்கத் தொடல. அவ அப்பா தொட விடல. அன்னைக்கு நெனச்சேன், நான் கேப்டனா வந்தா ஒருத்திக்கும் இப்படி ஆக விடமாட்டேன்னு. ஆக விடலையே. என் டீமுல ஒரு பிள்ளை கூட எந்த ஊர்லயும் ஒதுங்கப் போனதில்ல. அதப் பெருமையாத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

நானும் குடிக்க மாட்டேன்க்கா. அத நெனச்சுக்கிடணும். அவங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்னு நான் வைக்கல. ஆனா நான் ஓடுறவ. மேல ஒரு பனியன், காத்துப் படும். அவ அந்தக் கவசத்துக்குள்ள நிக்கிறவ. அத நான் யோசிக்கல. கோலிக்கு இன்னும் கறாராத்தான் சொல்லி வச்சிருந்தேன். ஏன்னா அவளுக்கு முட்டுச்சுன்னா இம்புட்டையும் அவுத்து, போயிட்டு வந்து, மறுபடி மாட்டணும். அதுக்குள்ள மேட்சே போயிரும்.

அன்னைக்கும் அதான். மேட்சு ஆரம்பிக்கப் போறாகன்னு மைக்குல சொன்னதும் அவளுக்கு எல்லாத்தையும் மாட்டிட்டோம். அப்புறம் விருந்தினரு இன்னும் வரலைன்னு உக்காரச் சொல்லிட்டாக. அவ கேட்டா, ஏட்டி கொடி, கழத்திப் போட்டு உக்காரட்டான்னு. வேண்டாம், இப்பக் கூப்பிட்டுருவாக, நேரத்துக்கு நிக்கலன்னா எதிர் டீமு ஜெயிச்சதா எழுதிருவாகன்னு சொன்னேன். நெசமாவே அப்படி எழுதுவாகக்கா, பொய்யில்ல. அவ சரின்னு உக்காந்தா. அவ அப்படித்தான், நான் சொன்னா தட்ட மாட்டா. ஹெல்மெட்டயாவது எடுக்கட்டான்னு கேட்டா. அது சரின்னேன். ஹெல்மெட்டு எடுக்க விட்டேன்.

அரையாட்டம் வரைக்கும் நல்லாத்தான் நின்னா. ஒரு கோலு விடல. பாதியில வந்தப்ப கன்னம் ரெண்டும் ரத்தம் கட்டுன மாதிரி செவந்து கெடந்துச்சு. தலை வலிக்குதுன்னா. வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னா. எல்லாருக்கும்தான வலிக்குது, செமி ஃபைனல்டி, கொஞ்சம் தாங்குன்னு நான் சொன்னேன். அப்பதான் கேட்டா.

"கொடி, ஒரு வாய் தண்ணி தாட்டி."

எங்கிட்ட பாட்டில் இருந்துச்சுக்கா. நெறையா இருந்துச்சு, மொகம் கழுவக் கொண்டு போனது. குடுத்தேன். குடுக்காம இல்ல.

"கொப்புளிச்சுத் துப்பு."

அவ வாயில ஊத்துனா. என் மொகத்தப் பாத்தா. பாத்துட்டு, துப்பிட்டா. முழுங்கியிருக்கலாம்லா? ஒரு மடக்கு முழுங்கியிருந்தா எனக்குத் தெரியவா போகுது, நான் என்ன தொண்டைக்குள்ளயா எட்டிப் பாத்தேன். பழகுன பழக்கம், துப்பிட்டா. தரையில அந்தத் தண்ணி விழுந்து ஒடனே காஞ்சு போச்சு. நான் அதப் பாத்துட்டு, சரி வா வா, விசில் அடிச்சுட்டாகன்னு எழுப்பி விட்டேன்.

இல்லக்கா, நீங்க வேற. அந்த ஒரு வாயிலயா எல்லாம் போச்சு? டாக்டரம்மா சொன்னாகளே, அந்த வெயில்ல, அந்தக் கவசத்தோட, தண்ணி குடிச்சிருந்தாலும் வரலாம்னு. காலையிலருந்து குடிச்சிட்டே இருந்து, அப்பப்ப கழத்திப் போட்டு நெழல்ல இருந்திருந்தா வராம இருந்திருக்கலாம்னும் சொன்னாக. ரெண்டும்தான் சொன்னாக. நான் ரெண்டையும்தான் சொல்லுதேன்.

அப்புறம் அவ ஒரு மாதிரி ஆயிட்டா. பந்து வரும்போது முதுகக் காட்டிட்டு நிக்கா. என்னைய, ஏ செல்வின்னு கூப்பிடுதா. அது அவ மக பேரு. பள்ளிக்கூடம் விட்டாச்சா, வந்து சோறு திங்கியான்னு என்னத்தையோ உளறுதா. எதிர் டீமுக்காரி சிரிக்கா. எனக்கு அவமானம் பிடுங்கித் திங்கு. அங்கனயே எல்லார் முன்னாடியும் வஞ்சுட்டேன், என்னட்டி தூங்குதியா, மேட்ச்ச விக்க வந்தியான்னு. அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. மத்ததுக்கெல்லாம் ஆயிரம் காரணம் சொல்லலாம், இதுக்கு சொல்ல முடியல. உளறுனா அதுதான் ஆபத்துக்கு அடையாளமாம், ஒடனே விளையாட்ட நிப்பாட்டிரணுமாம். எனக்கு அது தெரியாதுக்கா. ஆனா என் கூட்டாளி மொகம் எனக்குத் தெரியும்லா? இவ்வளவு நாள் பழகுனவ. அவ எனக்கு வெளாட்டுக் காட்டலைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?

கோலு விழுந்துச்சு. அடுத்தாப்புல அவ விழுந்தா. கம்பத்தப் புடிச்சபடியே அப்படியே சரிஞ்சு, கையும் காலும் வெட்டி இழுக்குது. 

ஜனம் பூரா ஓடி வருது. பூரா ஆம்பளைங்க. ஒரு ஆளு, லுங்கி கட்டுனவரு, கொடத்தத் தூக்கிட்டு வந்து, எம்மா, அந்தச் சட்டையெல்லாம் கழத்துங்கம்மா, மேல பூரா தண்ணி ஊத்துங்க, விசிறுங்கன்னு கத்துனாரு. நான் அவரப் புடிச்சுத் தள்ளிட்டேன்க்கா. தொட்டுருவியா, எட்டப் போன்னு சொன்னேன். பிள்ளைகள சுத்தி நிக்க வச்சேன். ஹெல்மெட்ட மட்டும் எடுத்தேன். உள்ள அவ போட்டிருந்தது மெல்லிசு பனியன், தண்ணி பட்டா ஒட்டிக்கிடும். இத்தன கண்ணு பாக்கும்போது என் பிள்ளைய நான் அப்படிப் போட விடுவேனா. எங்க துப்பட்டா அஞ்சாறையும் எடுத்து அவ மேல மூடுனேன். கவசத்துக்கு மேல. மூடி, நாலு பேரா தூக்கி, வேனு வர்ற வரைக்கும் அப்படியே வச்சிருந்தோம். வேனுலயும் மூடித்தான் கொண்டு போனோம். மொகத்துல மட்டும் தண்ணி தெளிச்சேன்.

ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா பாத்ததும் பதறிட்டாக. கத்திரிய எடுத்து வாரு வாரா வெட்டுனாக. கமுக்கட்டுல, தொடை இடுக்குல எல்லாம் ஐஸ வச்சு, ஈரத் துணியப் போட்டு, ஃபேனத் திருப்பி விட்டாக. யாரும்மா இப்படி மூடிக் கொண்டு வந்தது, வேக வச்சுக் கொண்டாந்திருக்கீகளேன்னு கேட்டாக. முதல்ல குளிர வைக்கணும், அப்புறந்தான் வண்டி ஏத்தணும்னு சொன்னாக. நான் கூட்டத்துக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டேன். 

மானத்தக் காப்பாத்தத்தான செஞ்சேன். சொல்லுங்க. நீங்களும் பொம்பளைதான.

இப்பவா? இப்ப எல்லாத்தையும் மாத்தியாச்சுக்கா. காலையிலருந்து எல்லாரும் குடிக்கணும், குடிக்காதவதான் வெளிய உக்காரணும். உப்புக் கரைச்ச மோரு கொண்டு போறோம். கூப்பிட்டாத்தான் கோலிக்குப் பேடு மாட்டுறது. ஒதுங்குறதுக்கா? ரெண்டு சேலை. நாலு பேரு ஸ்டிக்க ஊனிப் புடிச்சு சுத்தி மறைச்சுக்கிட்டா ஒரு ரூமாட்டம் ஆயிருது. உள்ள போயிட்டு வந்துருதாக. எவனும் எட்டிப் பாக்க முடியாது, ஸ்டிக்க வச்சிருக்கோம்லா. எங்களுக்கு இம்புட்டுதாங்க்கா வேலை. சேலையும் இருந்துச்சு, ஸ்டிக்கும் இருந்துச்சு, எல்லாம் அன்னைக்கும் இருந்துச்சு. 

சரி, இன்னைக்கு நடந்ததச் சொல்லுதேன். அதுக்குத்தான் இம்புட்டும் சொன்னேன்.

போகும்போது பஸ்ஸுல ஒரு முடிவோடதான் போனேன். அவ வீட்டுல பிரச்சினை ஓடிக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும். காலையிலருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலைன்னு டாக்டர் சொன்னது அவங்க காதுலயும் விழுந்துருச்சு. அவ மாமியா வர்றவுக போறவுக கிட்டல்லாம், தண்ணி குடிக்கக் கூடத் தெரியாத கழுதை, விளையாட்டுக் கொழுப்புல குடும்பத்தக் கெடுத்துட்டா, பிள்ளைய அனாதையாக்கப் பாத்தாங்காக. அண்ணனும் மாறிட்டாரு. ஏன்ட்டி குடிக்கல, ஏன்ட்டி குடிக்கலன்னு கேட்டுக்கிட்டே இருக்காராம். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியல. அவளுக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா. பஸ் ஏறுனது வரைக்கும்தான் ஞாபகம் இருக்காம். அப்புறம் கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. நடுவுல பூரா தொடச்சு எடுத்த மாதிரி போயிருச்சு, நான் போட்ட தண்ணிச் சட்டமும் அதோட சேந்து போயிருச்சு போல.

அதனால நான் சொல்லணும்லா. நான்தான் குடிக்கக் கூடாதுன்னேன், அவ கேட்டா, நான் துப்பச் சொன்னேன், அவ மேல தப்பே கிடையாதுன்னு அண்ணன் முன்னாடியும் மாமியா முன்னாடியும் ஒரு தடவ சொன்னாப் போதும். என்னைய வஞ்சா வையட்டும், அடிச்சாலும் அடிக்கட்டும், அவ தலை நிமிந்து அந்த வீட்டுல இருப்பா. பஸ்ஸுல பூரா அதையே மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

போயி உக்காந்தேன். மாமியா அவங்க புராணத்த ஆரம்பிச்சாக. அண்ணன் வாசப்படியில நிக்காரு. அவ உள்ளருந்து செவுத்தத் தடவிக்கிட்டே வந்தா. கையில செம்பு. வெயில்ல வந்தவளுக்குத் தண்ணி கொண்டு வாரா. வர்ற வழியெல்லாம் சிந்துது. எனக்குப் பழக்க தோஷம், வேண்டாம்ட்டி, பஸ்ஸுல போகணும்னு வாயி தானா சொல்லிருச்சு. அவ விடல. குடிட்டி, வெயிலுன்னு, கொழறிக் கொழறிச் சொல்லி, என் கையில திணிச்சா. குடிச்சேன். முழுசாக் குடிச்சேன்.

குடிச்சிட்டுச் சொல்லிருவோம்னு செம்பக் கீழ வச்சேன். அதுக்குள்ள அவ என் கையப் புடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா. பேச்சு சரியா வரல, ஒவ்வொரு வார்த்தையா இழுத்துத்தான் சொல்லுதா. கொடி, நான் தண்ணி குடிக்காம இருந்து கெடுத்துட்டேன். நீ குடிக்கத்தான் சொல்லியிருப்ப, உன் பேச்சக் கேட்டு ஒழுங்கா இருந்திருக்கணும். செமி ஃபைனலு என்னாலதான போச்சு. நீ எங்க வீட்டுல ஜவாப்பு சொல்லிக் கூட்டிட்டுப் போன, உன்னையத் தலை குனிய வச்சுட்டேன். அதனாலதான் நீ இத்தன நாளா என்னையப் பாக்க வரலைன்னு எனக்குத் தெரியும்ட்டின்னு சொல்லுதா.

அண்ணன் வாசல்லருந்து கேட்டுட்டு இருக்காரு. மாமியா, இப்ப அழுது என்ன செய்யங்காக. எல்லாரும் என் மொகத்தப் பாக்காக. சொல்ல வேண்டிய எடம் அதுதான்க்கா. அதுக்கு மேல ஒரு எடம் கெடைக்காது.

நான் அவ கண்ணத் தொடச்சு விட்டேன். பரவால்லட்டி, போனது போகட்டும், விடுன்னேன். அவ விடல. மன்னிச்சிட்டேன்னு வாயால சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்னு பிள்ளை மாதிரி கேக்கா. 

சொன்னேங்க்கா. உன்னைய மன்னிச்சிட்டேன்ட்டின்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன்.